ஒரு விழுக்காடு ஆக்சிஜனுக்குச் சாட்சி யார்? குறை ஆக்சிஜன் பணிநிலையத்தில் பொருத்திய தரவுப் பதிவி பற்றிய மதிப்புரை

கோயம்புத்தூரில் நான் பொறுப்பு வகிக்கும் செல் வளர்ப்பு ஆய்வகத்தில், புற்றுநோய்ச் செல்களைக் குறைந்த ஆக்சிஜனில் வளர்ப்பதற்கென்று மூடிய பணிநிலையம் ஒன்று இருக்கிறது. சுமார் 300 லிட்டர் கொள்ளளவு. முன்புறம் தெளிவான அக்ரிலிக் பலகை. கைகளை நுழைத்து வேலை செய்ய இரண்டு உறைகள். பொருள்களை உள்ளே அனுப்ப இரட்டைக் கதவுள்ள ஒரு சிறு இடைப்பெட்டி. உள்ளே வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ், ஆக்சிஜன் 1 விழுக்காடு, கார்பன் டை ஆக்சைடு 5 விழுக்காடு, மீதி நைட்ரஜனும் நீராவியும். இந்த எண்களைப் பணிநிலையத்தின் திரை எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் எதையும் சேமித்து வைக்காது. நேற்றிரவு இரண்டு மணிக்கு உள்ளே என்ன நிலை இருந்தது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத் தனியே ஒரு தரவுப் பதிவியை, ஆய்வகப் பேச்சில் சொன்னால் ஒரு டேட்டா லாகரை, வாங்கிப் பொருத்தினோம். எட்டு மாதங்கள் இரவு பகலாக அது ஓடியிருக்கிறது. இப்படியொரு கருவியை வாங்க எண்ணியிருக்கும் ஆய்வகங்களுக்குப் பயன்படட்டும் என்று எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன். தயாரித்தவர், விற்றவர் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். இதே அமைப்பிலான கருவிகள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. நான் சொல்லும் நிறைகளும் குறைகளும் அவற்றில் பலவற்றுக்கும் பொருந்தக்கூடியவை.

பதிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்கள் ஆக்சிஜன் அளவை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய மூவருக்கும் 2019-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த உணர்தலின் நடுவில் நிற்பது எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா என்னும் புரதம். ஆக்சிஜன் குறையும்போது அது செல்லுக்குள் சேர்கிறது. சாதாரணக் காற்று பட்டதும் ஐந்து நிமிடங்களுக்குள் பாதிக்கு மேல் சிதைந்துவிடுகிறது. ஆகவே, இரண்டு நாள்கள் பொறுமையாகக் குறை ஆக்சிஜனில் வைத்த செல்களை, இடைப்பெட்டியின் கதவு சரியாக மூடாமல் போன பத்து நிமிடங்கள் வேறொரு சோதனையின் செல்களாக மாற்றிவிட முடியும். அந்தப் பத்து நிமிடங்கள் நடந்தனவா இல்லையா என்பதைச் செல்கள் நம்மிடம் வந்து சொல்லப்போவதில்லை. அதற்கு வேறொரு சாட்சி வேண்டும்.

நாங்கள் வாங்கிய கருவி ஒரு சாப்பாட்டு டப்பா அளவுள்ள பெட்டி. பணிநிலையத்துக்கு வெளியே சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. அதிலிருந்து செல்லும் கம்பிகளின் முனையில் ஐந்து உணரிகள்: ஒளிவழியில் இயங்கும் ஆக்சிஜன் உணரி, அகச்சிவப்பு ஒளி உறிஞ்சப்படுவதைக் கொண்டு அளக்கும் கார்பன் டை ஆக்சைடு உணரி, பிளாட்டினம் மின்தடையால் ஆன வெப்பநிலை உணரி, ஈரப்பத உணரி, காற்றழுத்த உணரி. இவை தவிர, பணிநிலையத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வரும் மின் குறிகளையும் பதிந்துகொள்ள இரண்டு உள்ளீட்டு முனைகள் உண்டு. எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சம் ரூபாய் அளவில் ஆயிற்று.

தனக்கென்று சொந்த உணரிகள் இருப்பதுதான் இந்தக் கருவியின் தலையாய சிறப்பு. வாங்குவதற்கு முன்பு எங்களிடமே இதில் கருத்து வேறுபாடு இருந்தது. பணிநிலையத்தில்தான் ஏற்கெனவே உணரிகள் இருக்கின்றனவே, அவற்றின் வெளியீட்டை மட்டும் பதிந்துகொண்டால் பாதி விலையில் முடிந்துவிடுமே என்று சிலர் கேட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த யோசனையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பகுதி தன் உணரி சொல்வதை நம்பித்தான் நைட்ரஜனையோ காற்றையோ உள்ளே விடுகிறது. உணரி பிழையாகக் காட்டத் தொடங்கினால், அந்தப் பிழையான எண் 1.0 ஆகும் வரை வாயுவை மாற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே உண்மையில் 2 விழுக்காடு இருந்தாலும் திரையில் 1.0 என்றே நிற்கும். அந்த எண்ணைப் பதிவு செய்தால், எட்டு மாதங்களுக்கும் அழகான ஒரு நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோடு எந்த உண்மையையும் சொல்லாது.

இது வெறும் வாதமாக இருந்தவரை எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். கருவி வந்த மூன்றாவது வாரத்தில் கண்ணெதிரே நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் பணிநிலையத்தின் உட்புறத்தை 70 விழுக்காடு எத்தனாலால் துடைப்பது எங்கள் வழக்கம். அன்று துடைத்து முடித்த சிறிது நேரத்தில், புதிய பதிவியின் ஆக்சிஜன் கோடு மெல்ல ஏறத் தொடங்கி 1.5 விழுக்காட்டைத் தொட்டது. பணிநிலையத்தின் திரையோ 1.0 என்றே காட்டியது. புதுக் கருவிக்குத்தான் ஏதோ கோளாறு என்று முதலில் எண்ணினோம். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே ஏற்றம். பிறகுதான் காரணம் பிடிபட்டது. பணிநிலையத்தின் சொந்த ஆக்சிஜன் உணரி சிர்கோனியா வகையைச் சேர்ந்தது. அது பல நூறு டிகிரி வெப்பத்தில் வைக்கப்பட்ட ஒரு பீங்கான் துண்டு. எரியக்கூடிய ஆவி எதுவும் அதன் மேல் பட்டால் அங்கேயே எரிந்து, அருகிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஒரு மூலக்கூறு எத்தனால் எரிவதற்கு மூன்று மூலக்கூறு ஆக்சிஜன் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 300 லிட்டர் அறையில் ஒரே ஒரு கிராம் எத்தனால் ஆவியாகக் கலந்திருந்தாலும் அந்த உணரி உண்மை அளவைவிட ஏறத்தாழ அரை விழுக்காடு குறைவாகக் காட்டும். ஈரத் துணியால் துடைக்கும்போது ஒரு கிராமுக்கு மேலேயே உள்ளே ஆவியாகிறது. ஆக்சிஜன் குறைந்துவிட்டதாக நினைத்த கட்டுப்பாட்டுப் பகுதி காற்றை உள்ளே விட்டது. உண்மையான அளவு ஒன்றரைக்கு ஏறியது. திரை மட்டும் அமைதியாக 1.0 என்றது.

இதற்கு முன்பு எத்தனை வெள்ளிக்கிழமை மாலைகளில் செல்கள் உள்ளே இருந்தன என்று குறிப்பேடுகளைத் திருப்பிப் பார்த்தபோது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. ஒரு மாணவியின் ஆய்வேட்டில் இரண்டு சோதனைகளை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. இப்போது செல்களை முழுவதும் வெளியே எடுத்த பிறகே துடைக்கிறோம். இரண்டு உணரிகளின் எண்களும் ஒன்றுகூடும் வரை எதையும் உள்ளே வைப்பதில்லை. இந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே கொடுத்த விலை தகும் என்பது என் கருத்து. வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பதிவியின் ஆக்சிஜன் உணரி, உங்கள் பணிநிலையத்தின் உணரியிலிருந்து வேறுபட்ட வகையாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் இரண்டும் ஒரே பொய்யைச் சொல்லும். ஈய முனையுள்ள மின்வேதி உணரியைத் தேர்ந்தெடுப்பதானால், அதனுள் இருக்கும் கரைசல் காரமா அமிலமா என்று கேட்டுவிடுங்கள். காரக் கரைசல் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு உள்ள இடத்தில் அத்தகைய உணரி நாளாவட்டத்தில் கெட்டுப்போகும்.

அடுத்து, பொருத்திய நாளன்றே எழுந்த ஒரு சிக்கல். உணரியை அறைக் காற்றில் வைத்துப் பார்த்தபோது ஆக்சிஜன் 19.6 விழுக்காடு என்று காட்டியது. காற்றில் 20.9 இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். பொருத்த வந்த பொறியாளர், உணரி பயணத்தில் பழுதாகியிருக்கலாம் என்று சொல்லி, ஒரு பொத்தானை அழுத்தி அதை 20.9 ஆக்கிவிட முனைந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று நிறுத்தினோம். இவ்வகை உணரிகள் அளப்பது ஆக்சிஜனின் விழுக்காட்டை அல்ல. அதன் பகுதி அழுத்தத்தை, அதாவது மொத்தக் காற்றழுத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் தரும் பங்கை. கடல் மட்டத்து அழுத்தமான 1013 மில்லிபாரை வைத்துக்கொண்டு அதை விழுக்காடாக மாற்றிக் காட்டுகின்றன. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. இங்கே அழுத்தம் ஏறத்தாழ 965 மில்லிபார்தான். அறைக் காற்றில் உள்ள நீராவியையும் கழித்துக் கணக்கிட்டால் 19.6 என்ற எண் அச்சாக வருகிறது. உணரியில் எந்தப் பழுதும் இல்லை. கருவியில் காற்றழுத்த உணரியும், அதைக் கொண்டு திருத்தம் செய்யும் வசதியும் இருக்கின்றன. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த வசதி அணைக்கப்பட்டிருக்கிறது. அதை இயக்கியதும் எண் 20.5 ஆயிற்று. மீதிக் குறைவு நீராவிக்குரியது. அது சரியான விடை.

இதைச் சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செல்களும் விழுக்காட்டை அறியமாட்டா. அவற்றை எட்டுவது பகுதி அழுத்தம்தான். ஒரு விழுக்காடு ஆக்சிஜன் என்பது சென்னையில் 7.6 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். இங்கே ஏறத்தாழ 7.2, உதகையில் ஓர் ஆய்வகம் இதே சோதனையைச் செய்தால் 5.8 அளவில்தான் இருக்கும். மூவரும் கட்டுரையில் 1 விழுக்காடு என்றே எழுதுவார்கள். ஆகவே காற்றழுத்தத்தையும் ஒவ்வொரு வரியிலும் சேர்த்துப் பதியும் கருவியை மட்டுமே வாங்க வேண்டும் என்பேன். இந்தக் கருவி அதைச் செய்கிறது. விழுக்காடு, பகுதி அழுத்தம் ஆகிய இரண்டையும் தனித்தனி நெடுவரிசைகளில் எழுதிக் கொடுக்கிறது. தயாரிப்பாளருக்கு இதற்காக என் மனமார்ந்த பாராட்டு. கையேட்டில் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தால் பொறியாளரும் அந்தப் பொத்தானைத் தேடியிருக்கமாட்டார்.

பணிநிலையத்தின் மின் குறியைப் பதிவியுடன் இணைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. எங்கள் பணிநிலையம் இரண்டு விதமாக வெளியீடு தருகிறது: 0 முதல் 10 வோல்ட் வரை, அல்லது 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை. வோல்ட் இணைப்பு எளிது. விற்பனையாளரும் அதையே பரிந்துரைத்தார். ஆனால் அந்த இணைப்பில் கம்பி கழன்றுவிட்டால் பதிவில் வரும் எண் பூச்சியம். குறை ஆக்சிஜன் ஆய்வில் பூச்சியத்துக்கு அருகிலுள்ள எண்தான் நாம் விரும்பும் எண். கழன்ற கம்பியை வெற்றிகரமான சோதனையாக எடுத்துக்கொள்ளும் அபாயம் அதில் இருக்கிறது. மில்லிஆம்பியர் முறையில் பூச்சிய விழுக்காட்டுக்கும் 4 மில்லிஆம்பியர் ஓடியே ஆக வேண்டும். மின்னோட்டம் அதற்குக் கீழே விழுந்தால் அது அளவீடு அல்ல, அறுந்த கம்பி என்பது உடனே தெரிந்துவிடும். தொழிற்சாலைகளில் பல பத்தாண்டுகளாக இந்த முறை நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கருவி இரண்டையும் ஏற்கிறது. மின்னோட்டம் விழுந்தால் எண்ணுக்குப் பதில் ‘இணைப்பில்லை’ என்னும் பொருள்படும் குறியைப் பதிகிறது. ஒரு முறை உறைக்கு அருகே கம்பி இழுபட்டுக் கழன்றபோது இந்தக் குறிதான் எங்களைக் காப்பாற்றியது.

எத்தனை நொடிக்கு ஒரு முறை பதிவது என்பது அடுத்த கேள்வி. கருவி பத்து நிமிட இடைவெளியில் அமைக்கப்பட்டு வந்தது. மருந்துக் குளிர்பெட்டிக்கு அது போதும், இங்கே போதாது. இடைப்பெட்டி வழியாகச் செல்கள் வளரும் தட்டு ஒன்றை உள்ளே அனுப்பும்போது ஆக்சிஜன் சட்டென்று ஏறி, மூன்று நான்கு நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும் கருவியின் கண்ணில் இந்த ஏற்றம் படாமலேயே போகலாம். மறுபுறம், பத்து நொடிக்கு ஒரு முறை பதிந்தால் நினைவகம் தாங்காது. 16,000 நேரப் புள்ளிகளுக்குத்தான் இடம் இருக்கிறது. பத்து நொடி வீதம் 44 மணி நேரத்தில் நிரம்பிவிடும். 30 நொடி என்று முடிவு செய்தோம். அதில் ஐந்தரை நாள்கள் ஓடும். பொங்கல் விடுமுறைக்கு நான்கு நாள்கள் ஆய்வகத்தைப் பூட்டினாலும் எதுவும் இழக்க வேண்டியதில்லை. நினைவகம் நிரம்பினால் பதிவை நிறுத்துவதா, பழையவற்றின் மேல் எழுதுவதா என்று ஒரு தேர்வு இருக்கிறது. முதலாவது நாளையை இழக்கிறது, இரண்டாவது நேற்றை இழக்கிறது. நாங்கள் நாள்தோறும் காலையில் தரவை இறக்கிக்கொள்வதால் இந்த நிலை வரவில்லை. ஒவ்வோர் இடைவெளிக்குள்ளும் ஏற்பட்ட மிகை அளவையும் குறை அளவையும் சேர்த்துப் பதியும் வசதி இருந்திருந்தால் நீண்ட இடைவெளியே போதுமானதாக இருந்திருக்கும். அது இல்லாதது உண்மையான குறை.

இனி, இந்தக் கருவியோடு வரும் கணினி மென்பொருளைப் பற்றி. எனக்குக் கடுமையான மனக்குறை இருப்பது இதில்தான்.

தொடக்கத்தில் நேரடிப் பதிவு என்னும் முறையைப் பயன்படுத்தினோம். அதில் அளவீடுகள் கருவியின் நினைவகத்தில் தங்காமல் உடனுக்குடன் கணினிக்குப் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அந்தக் கணினி புதுப்பித்தல் ஒன்றுக்காகத் தானே அணைந்து, பிறகு தானே எழுந்தது. மூன்றரை மணி நேரத்துக்கு எந்தப் பதிவும் இல்லை. இப்படி நடப்பது இயல்புதான். இதற்காக நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் திங்கள்கிழமை காலையில் நாங்கள் திறந்து பார்த்த வரைபடத்தில் அப்படி ஒரு இடைவெளியே இல்லை. அணைவதற்கு முன்பிருந்த கடைசிப் புள்ளியையும் எழுந்த பிறகு வந்த முதல் புள்ளியையும் மென்பொருள் ஒரு நேர்கோட்டால் இணைத்து வைத்திருந்தது. பார்ப்பவருக்கு, அந்த மூன்றரை மணி நேரமும் ஆக்சிஜன் மிகச் சீராக 1.0 விழுக்காட்டில் நின்றதுபோல் தெரிந்தது. அட்டவணையை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், 2 மணி 14 நிமிடத்துக்கு அடுத்த வரி 5 மணி 47 நிமிடத்தில் தொடங்குவதைக் கவனித்திராவிட்டால் எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது.

தனக்குத் தெரியாத நேரத்தைத் தெரிந்ததுபோல் காட்டும் பதிவை நான் பதிவாக ஏற்கமாட்டேன். அளக்காத நேரம் வெற்றிடமாகத் தெரிய வேண்டும். அந்த வெற்றிடமும் தரவில் சேர்ந்ததே. விற்பனையாளரிடம் முறையிட்டபோது, கோட்டை இணைப்பது வரைபடத்தின் தோற்றத்துக்காகச் செய்யப்பட்டது என்றும், அதை நிறுத்த இப்போதைய பதிப்பில் வழியில்லை என்றும் பதில் வந்தது. அன்றிலிருந்து நேரடிப் பதிவைக் கைவிட்டு, கருவியின் சொந்த நினைவகத்தில் மட்டுமே பதிகிறோம். கருவிக்குள் மின்கலம் இருப்பதால் மின்வெட்டும் அதைப் பாதிப்பதில்லை. வரைபடங்களையும் மூலக் கோப்பிலிருந்து நாங்களே வரைந்துகொள்கிறோம். இரண்டு வரிகளுக்கிடையே ஒரு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கோடு அறுந்து நிற்கும்படி செய்திருக்கிறோம்.

கோப்பிலும் சில தொல்லைகள் உண்டு. திரையில் இந்திய நேரம் தெரிகிறது. ஏற்றுமதி செய்யும் கோப்பில் கிரீன்விச் நேரம் இருக்கிறது. ஐந்தரை மணி நேர வேறுபாடு புரியாமல், நள்ளிரவில் யாரோ பணிநிலையத்தைத் திறந்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் முழுவதும் குழம்பினோம். உண்மையில் அது காலையில் வழக்கமாகத் திறந்ததுதான். தேதி, மாதம் முன்னால் வரும் அமெரிக்க முறையில் எழுதப்படுகிறது. 03/04 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்பதை விரிதாள் தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்கிறது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதும் ஐஎஸ்ஓ 8601 முறையை அமைப்புகளில் தேர்ந்தெடுக்க முடியும். முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள். உணரிகளுக்குத் தமிழில் பெயரிட்டுப் பார்த்தோம். மென்பொருளுக்குள் ‘மேல் தட்டு’, ‘கீழ்த் தட்டு’ என்று சரியாகவே தெரிந்தன; கோப்பில் அவை வெறும் கேள்விக்குறிகளாக வந்தன. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் கையாளும் ஒருங்குறி (யூனிகோடு) இவ்வளவு பரவிவிட்ட காலத்தில் இது மன்னிக்க முடியாத கவனக்குறைவு. கருவியின் கடிகாரம் மாதத்துக்கு ஒரு நிமிடம் அளவுக்கு விலகுகிறது. தரவை இறக்கும்போது கணினியின் நேரத்தோடு ஒத்திசைத்துக்கொள்ளும் வசதி இருப்பதால் அது பெரிய குறையில்லை.

ஈரப்பதம் இத்தகைய அறைகளில் உணரிகளின் முதல் எதிரி. உள்ளே 37 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு. அந்தக் காற்று 35 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் வியர்க்கும். குளிரூட்டிய அறையில் 24 டிகிரியில் நிற்கும் குழாய் வழியாக உட்காற்றை வெளியே உறிஞ்சி அளக்கும் கருவிகளும் சந்தையில் உண்டு. அவற்றின் குழாய்களில் நீர் தேங்கி அடைத்துக்கொள்ளும்; நீரை நீக்க உலர்த்தும் பகுதி ஒன்று தனியே தேவைப்படும். சிலிகான் குழாயாக இருந்தால் வெளியிலுள்ள ஆக்சிஜன் குழாயின் சுவரையே ஊடுருவி உள்ளே கசிந்து அளவைக் கூட்டிவிடும். எங்கள் கருவியின் உணரிகள் பணிநிலையத்துக்கு உள்ளேயே இருப்பதால் இந்த இரண்டு தொல்லைகளும் இல்லை. இருந்தும் ஈரப்பத உணரி ஐந்தாவது மாதத்தில் 98, 99 என்று காட்டத் தொடங்கியது. அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: ஒரு சிறு மூடிய புட்டியில் தூய சோடியம் குளோரைடு உப்பைச் சிறிது நீர் விட்டுச் சேறுபோல் குழைத்து வைத்தால், அதன் மேலுள்ள காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைத்து நிற்கும். அதில் உணரியை ஓரிரவு வைத்துப் பார்த்தபோது 82 காட்டியது. உணரி மட்டும் தனியே கழற்றி மாற்றக்கூடியது என்பதால் புதியதை நாங்களே பொருத்திவிட்டோம். உணரிகளை இப்படித் தனித்தனியே மாற்ற முடிவது இந்தக் கருவியின் மற்றொரு நல்ல குணம்.

வெப்பநிலையில் சொல்ல அதிகம் இல்லை; எட்டு மாதங்களில் எந்தத் தொல்லையும் தரவில்லை. உணரியை வெறும் காற்றில் தொங்கவிடாமல், நீர் நிரப்பிய ஒரு சிறு புட்டிக்குள் வைத்து, தட்டுகள் இருக்கும் உயரத்திலேயே நிறுத்தியிருக்கிறோம். செல்கள் இருக்கும் நீர்மம் எவ்வளவு மெதுவாகச் சூடாகிறதோ அவ்வளவு மெதுவாகவே அந்த எண்ணும் மாறுகிறது. ஆக்சிஜனிலும் இதே வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். பதிவி காட்டுவது காற்றின் நிலையை. நீர்மம் அந்த நிலையை அடைய நேரம் பிடிக்கும். ஒரு தட்டிலுள்ள மெல்லிய படலத்துக்கே கால் மணி நேரத்துக்கு மேலாகும். ஒரு புட்டி நிறைய வளர்ப்பூடகம், அதாவது செல்களை வளர்க்கும் ஊட்ட நீர்மம், வைத்தால் பல மணி நேரம் ஆகும். பிளாஸ்டிக் தட்டுகளும் தமக்குள் கரைத்து வைத்திருந்த ஆக்சிஜனை மெதுவாக வெளிவிடுகின்றன. அதனால் வளர்ப்பூடகத்தையும் தட்டுகளையும் முந்தைய இரவே உள்ளே வைத்துவிடுகிறோம். எந்தப் பதிவியும் இந்த வேலையிலிருந்து நம்மை விடுவிக்காது.

கருவி சரியாக அளக்கிறது என்று சோதித்துத் தரும் அளவுத்திருத்தச் சான்றிதழைப் பற்றி ஒரு சொல். விளம்பரத்தில் சான்றிதழுடன் வரும் என்றிருந்தது. வந்த தாள் தயாரிப்பாளரே அச்சிட்டது, ஆக்சிஜனுக்கு 20.9 என்ற ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சோதித்திருந்தார்கள். நாம் பயன்படுத்துவது 1 விழுக்காட்டில். இருபதில் சரியாக இருக்கும் உணரி ஒன்றிலும் சரியாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆகவே மிகத் தூய நைட்ரஜனைக் கொண்டு பூச்சியத்தையும், சான்று பெற்ற 1 விழுக்காடு கலவை வாயு உருளையைக் கொண்டு நடுப்புள்ளியையும் நாங்களே மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதிக்கிறோம். வெப்பநிலை உணரியை சோதனை, அளவுத்திருத்த ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியத்தின் (என்ஏபிஎல்) அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பித் தனியே சான்று பெற்றோம். இந்தச் செலவுகளையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மென்பொருளின் உயர்ந்த பதிப்பு ஒன்றும் விற்கிறார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் கொண்டுவந்த மின்னணுப் பதிவு விதிகளுக்கு, அதாவது 21 சிஎஃப்ஆர் பகுதி 11-க்கு ஏற்றது என்று அதற்கு விளம்பரம். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடத்தை அது வைத்துக்கொள்ளும். மருந்து நிறுவனங்களுக்கு அது தேவைப்படலாம். ஆனால் விதிகளுக்கு ஏற்ப நடப்பது ஆய்வகத்தின் நடைமுறைகளால் நிறைவேறுவது, மென்பொருளை வாங்கியதால் மட்டும் கிடைத்துவிடாது. எங்களைப் போன்ற ஆராய்ச்சிக் கூடங்களுக்கு, மூலக் கோப்பை அன்றன்றே யாரும் மாற்ற முடியாத ஓர் இடத்தில் நகலெடுத்து வைப்பது போதுமானதாக இருக்கிறது.

எச்சரிக்கை வசதி நன்றாக இயங்குகிறது. ஆக்சிஜன் 1.5 விழுக்காட்டைத் தாண்டி ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மட்டும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும்படி வைத்திருக்கிறோம். தாமதம் இல்லாமல் வைத்திருந்த முதல் வாரத்தில், ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் செய்தி வந்து, கடைசியில் யாரும் அதைப் பார்க்காத நிலை ஏற்பட்டது. ஆறாவது மாதத்தில் ஒரு நள்ளிரவில் நைட்ரஜன் உருளை தீர்ந்துபோனபோது வந்த ஒரே செய்தியை நான் எழுந்து பார்த்தேன். அரை மணி நேரத்தில் மாற்று உருளையைத் திறந்துவிட முடிந்தது.

கருவியை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பதே என் பதில். உணரிகளுக்கும் வன்பொருளுக்கும் ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் தருவேன். மென்பொருளுக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை. விற்பனையாளர் செய்துகாட்ட வரும்போது, பதிவு ஓடிக்கொண்டிருக்கையிலேயே கணினியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து இயக்கச் சொல்லுங்கள். பிறகு வரைபடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு துணியைச் சிறிது எத்தனாலில் நனைத்து உணரிக்கு அருகில் வைத்துப் பாருங்கள். உள்ளீட்டுக் கம்பி ஒன்றைக் கழற்றிவிட்டு என்ன பதிகிறது என்று பாருங்கள். எங்கள் ஆய்வகத்தின் இரண்டாவது பணிநிலையத்துக்கும் இதே கருவியை வாங்க விண்ணப்பித்திருக்கிறோம். வரைபடத்தில் வெற்றிடத்தை வெற்றிடமாகக் காட்டும் பதிப்பு கைக்கு வந்த பிறகே பணம் செலுத்துவோம் என்ற நிபந்தனையைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதியிருக்கிறோம்.